கீழ்ப்பாக்கம் என்றால் ஏன் கூசுகிறது?

(காட்சி: பள்ளி மைதானம், இடைவேளை நேரம். பையன்களின் சத்தம்.)

"இவனைக் கீழ்ப்பாக்கத்துல கொண்டு போய்ச் சேருங்கடா!"

சின்ன வயதில் இதைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். சென்னையின் கீழ்ப்பாக்கத்தில் நிஜமாகவே ஒரு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் அம்மாவே அங்கே மாத்திரை வாங்கப் போய் வரலாம் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

(காட்சி: பழைய சென்னை வரைபடம். கீழ்ப்பாக்கம் மட்டும் வட்டமிடப்படுகிறது.)

ஆங்கிலேயர் காலத்தில், 1794-ல் மதராஸில் தொடங்கிய காப்பகம் அது. 1871-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. முதலில் அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'பைத்தியக்கார விடுதி' என்ற பொருள் இருந்தது. 1922-ல் 'மனநல மருத்துவமனை' என்று மாற்றினார்கள். பலகையில் பெயர் மாறி நூறு வருஷம் தாண்டிவிட்டது. நம் வாயில் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஒரு வசவுச் சொல்லால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். 22 வயதுப் பையன். தூக்கம் இல்லை, குளிப்பதில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஜன்னலை மூடி வைக்கிறான். அவனுக்கு அந்தக் குரல் காதில் நிஜமாகவே கேட்கிறது. "அப்படி யாரும் பேசலடா" என்று சொன்னால் அடங்கிவிடாது. இது மனச்சிதைவு நோயாக இருக்கலாம். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு, வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடிய நோய். பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். வளர்ப்பு சரியில்லாததால் வருவதில்லை. மருந்து உண்டு.

ஆனால் அந்த வீட்டில் முதலில் வரும் பேச்சு வேறு. "காத்து கருப்பு பட்டிருக்கும்." சரி, மந்திரிக்கிறார்கள். அப்புறம், "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்." அப்புறம், "தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரம், ஆஸ்பத்திரிக்குப் போனா வெளியே தெரிஞ்சிடும்." இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. இந்த நோயில் சிகிச்சை தொடங்கத் தாமதமாக ஆக, மீண்டு வருவது கடினமாகிறது. அந்த அம்மாவுக்குப் பையன்மேல் பாசம் குறைவில்லை. 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லுக்குத்தான் அவர் பயந்தார்.

(காட்சி: கருப்புத் திரை. தேதி மட்டும்.)

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

இன்று சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தெளிவாகத் தடை செய்கிறது. உடல் நோய்க்குக் கிடைப்பதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஏர்வாடி தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கிடைக்க அரசே ஏற்பாடு செய்தது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. நம்பிக்கையோடு வந்து நிற்கிறவரை விரட்டாமல், அவர் நிற்கும் இடத்துக்கே டாக்டரைக் கொண்டுபோவது.

(காட்சி: மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவு. வரிசையில் சாதாரண மனிதர்கள்.)

டாக்டர் சாரதா மேனனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். மாத்திரை கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, அவர்கள் திரும்பப் போக ஒரு வேலையும் வீடும் வேண்டும் என்பது அந்த அமைப்பின் பணியிலேயே தெரியும்.

இப்போது மாத்திரை விஷயம். சில மருந்துகளால் எடை கூடும், தூக்கம் வரும், கை நடுங்கும். இது உண்மை. அதற்காகத் திடீரென்று நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

முதலில் எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக மனம் வரவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசு உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அக்கா கூப்பிடலாம், நண்பன் கூப்பிடலாம்.

(காட்சி: ஒரு வீட்டு வாசல். கையில் பழப் பை.)

இதய ஆபரேஷன் முடிந்து வந்தவர் வீட்டுக்கு ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு கூட்டமாகப் போகிறோம். மனநல வார்டிலிருந்து திரும்பியவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் வந்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். மீதியை அவர் பேசுவார்.