சாம்பியனே இறங்கிட்டாங்க! ஐடபிள்யூஎல் 2 பத்தி கொஞ்சம் பேசலாம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு இந்தியன் விமன்ஸ் லீக் 2, சுருக்கமா ஐடபிள்யூஎல் 2. பொண்ணுங்க ஃபுட்பால்ல ரெண்டாவது டிவிஷன். யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா கதை எல்லாம் அங்கதான் இருக்கு.

ஒடிசா எஃப்சி 2023-24ல மேல் டிவிஷனான ஐடபிள்யூஎல்ல சாம்பியன். அடுத்த சீசன் கப்பை ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டாங்க. சரி, ஒடிசா எங்கன்னு டேபிள்ல தேடினா, எட்டு டீம்ல ஏழாவது! கடைசில வந்த ஹாப்ஸ் கிளப் கூட சேர்ந்து ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கியாச்சு. அங்கிருந்து மேல வந்தது டெல்லியோட கார்வால் யுனைடெட், கோவாவோட சேசா. அதுக்கு முந்தின வருஷம் கொல்கத்தா ஸ்ரீபூமியும் ஒடிசாவோட நீட்டா அகாடமியும் இப்படித்தான் ஏறினாங்க. ஏறின ரெண்டு டீமும் தாக்குப்பிடிச்சு நின்னுடுச்சு, சாம்பியன் டீம் போயிடுச்சு. லீக்னா இப்படி இருக்கணும். ஒடிசா ரசிகருங்க அடிக்க வராதீங்க.

முன்னாடி ஐடபிள்யூஎல்லே ஒரு டோர்னமெண்ட் மாதிரிதான் நடந்துச்சு. எல்லா டீமையும் ஒரே ஊர்ல கூட்டி, சில வாரத்துல கடையை மூடிடுவாங்க. 2019ல நம்ம மதுரை சேது எஃப்சி கப் அடிச்சது எங்க? லூதியானாவுல. ஃபைனல்ல மணிப்பூர் போலீஸை 3-1ல ஜெயிச்சாங்க. அதைப் பாக்கணும்னா மதுரைக்காரங்க பஞ்சாபுக்கு ட்ரெயின் ஏறணும். 2023-24ல தான் மேல் டிவிஷன்ல ஹோம்-அவே முறை, அதாவது ஒரு மேட்ச் நம்ம ஊர்ல, ஒண்ணு எதிர் டீம் ஊர்லன்னு ஆடுறது, வந்துச்சு.

கீழ ரெண்டாவது டிவிஷன்ல இன்னும் பழைய கதைதான். குரூப் பிரிச்சு ஒரு ஊர்ல ஆட விடுறாங்க, அதுல தப்பிச்சவங்க ஃபைனல் ரவுண்டு போறாங்க. குரூப்லயே வெளிய வந்துட்டா? கையில எண்ணிடலாம், அவ்ளோ மேட்ச்தான். அதுக்காக ஒரு பொண்ணு வருஷம் பூரா ஓடி ப்ராக்டிஸ் பண்ணியிருப்பா. மேல் டிவிஷன் கிளப் குறைஞ்சது பத்து இந்திய பிளேயருக்கு வருஷம் 3.2 லட்சத்துக்குக் குறையாம ஒப்பந்தம் போடணும்னு இந்திய ஃபுட்பால் சம்மேளனம் ஏஐஎஃப்எஃப் 2023ல சொல்லுச்சு. அது மேல. அப்போ ஒரு படி ஏறுறதுன்னா வெறும் பெருமை இல்ல, வீட்டுக்குப் போற காசு.

இப்போ நம்ம ஊருக்கு வரேன், எனக்குக் கடுப்பே இங்கதான். மாநில டீமுங்க மோதுற சீனியர் நேஷனல்ஸ்ல தமிழ்நாடு 2018ல மணிப்பூரை ஜெயிச்சு சாம்பியன். 2023ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை 2-1ல ஜெயிச்சு மறுபடியும். ஆனா மேல் டிவிஷன்ல நம்ம கிளப்னு பாத்தா சேது மட்டும்தான்! கடலூர் பிளேயருங்க இந்துமதி, சந்தியா எல்லாம் சேதுல ஆடிட்டு கோகுலம் கேரளா கிளப்புக்குப் போனாங்க. போகட்டும், நல்லா ஆடுறவங்கள நாலு கிளப் கூப்பிடத்தான் செய்யும். ஆனா கூப்பிடுற அந்த நாலுல ரெண்டாவது ஒண்ணு ஏன் நம்ம ஊர்ல இல்ல?

வழி இந்த ரெண்டாவது டிவிஷன்தான். அதுக்கு முதல்ல நம்ம மாநில லீக் சில மாசமாவது ஓடணும், அவசரமா முடிக்கக் கூடாது. கடலூர்லயோ சென்னையிலயோ ஒரு கிளப் அப்படி ஏறி வந்து, மேல் டிவிஷன்ல சேதுவோட மோதுற அன்னைக்கு, டிக்கெட் என்ன விலை வச்சாலும் நான் வாங்குறேன். ஸ்டேடியத்துலேருந்தே வ்லாக் போடுறேன்.