கைக்கு வராத டிராகன்

வணக்கம் நேயர்களே. எனக்குக் கிடைக்காமல் போன ஒரு மெசினைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

பெயர் நகமிச்சி டிராகன். 1982இல் ஜப்பான்காரர் கொண்டுவந்த கசற் டெக், அதாவது கசற் போட்டுக் கேட்கிற மெசின். படத்தில் பார்த்த நாளில் பிடித்த ஆசை. கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்தேன். 2022 மார்ச் தொடக்கத்தில் இங்கே இலங்கையில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதம் 360. யானை விலை குதிரை விலை ஆகிவிட்டது.

பிறகு போன வருடம், தெஹிவளையில் ஒரு வீட்டில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். வேலை செய்தது. விலையும் கட்டுபடியான விலை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? “யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்றன் அம்மா” என்றேன். மறுநாள் பத்து மணிக்குப் போனால், “காலமைதான் தம்பி, ஒரு பெடியன் வந்து கொண்டு போயிட்டான்” என்றார் அந்த அம்மா. தேத்தண்ணியும் தந்தார். குடித்தேன், ருசி தெரியவில்லை.

அதன்பிறகு நரிக்கதைதான். பழைய மெசின், கப்பாசிற்றர் கசியும், திருத்துவதும் லேசில்லை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு முழுக்க அலைந்தாலும் பாகம் கிடைக்காது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் திராட்சை புளிக்கவில்லை.

எனக்கு அது எதற்கு என்றால், என்னிடம் ஏழு கசற் இருக்கின்றன. அப்பா வானொலிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தவை. பாட்டுக்கு நடுவில் அவருடைய இருமல், “சத்தம் போடாதேங்கோ” என்கிற அம்மா. ஆனால் எல்லாம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கும்.

காரணம் இதுதான். கசற் நாடா நாலு மில்லிமீற்றர்கூட அகலமில்லை, வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். அதைப் படிக்கிற ஹெட்டில் மயிரிழை போல ஓர் இடைவெளி, நாடா ஓடுகிற திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த மெசினில் அது ஒரு துளி சாய்ந்திருந்தால், வேறு மெசினில் போடும்போது கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். இந்தச் சாய்வுக்கு அசிமத் என்று பெயர். டிராகன், நாடா ஓட ஓடத் தன் ஹெட்டைத் தானே அசைத்துச் சரிசெய்யும். அதுதான் அதன் மாயம்.

என்னுடைய சாதாரண டெக்கில் அந்த வேலையை ஒரு குட்டி ஸ்குறூ செய்கிறது. ஹெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெள்ளவத்தையில் ரயில் போகாத நேரமாகப் பார்த்து, காதைக் கிட்ட வைத்து, திருப்புளியால் மிக மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்றுக்கும் குறைவு. அம்மா சொன்ன “சத்தம்” என்ற சொல்லில் ‘ச’ திடீரென்று தெளிந்தது. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

இதில் ஒரு கரைச்சல். ஒரு கசற்றுக்குச் சரியானது அடுத்ததற்குப் பிழைக்கும். மெசினை மாற்றி மாற்றிப் பதிந்திருக்கிறார் அப்பா! ஆகவே ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து திருப்ப வேண்டும். “இந்தப் பழைய பதிவுக்கு டிராகன் தேவையா?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி, அதனால்தான் பதில் சொல்லவில்லை.

டிராகனைக் கொண்டுபோன தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஏழு கசற்றையும் கொண்டுவந்து உங்கள் வீட்டில் போட்டுக் கேட்கலாமா? சோற்றுப் பார்சல் என் செலவு.