அவையில் மறைத்த சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவர் "கொல்லைப்பக்கம் போய்விட்டு வருகிறேன்" என்றால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. "கால் கழுவிவிட்டு வருகிறேன்" என்றாலும் அப்படித்தான். கேட்டவருக்குப் புரிந்துவிடும், சொன்னவருக்கும் கூச்சம் இல்லை. இதற்கு நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று பெயர் வைத்திருக்கிறது. ஒரு சொல்லை விட்டுவிட்டுத் தகுந்த வேறு சொல்லால் சொல்வதற்குத் தகுதி வழக்கு என்று பெயர். நன்னூல் எழுதிய பவணந்தியார் தகுதி வழக்கு மூன்றில் இதை முதலில் வைக்கிறார். அடுத்தது மங்கலம்: செத்துப்போனார் என்னாமல் இயற்கை எய்தினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. மூன்றாவது குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பெண்கள் பள்ளியில் பல காலம் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். இந்த மூன்றையும் வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். நடத்த நடத்த ஒன்று மனதில் உறுதிப்பட்டது. தொல்காப்பியர் சொன்னதில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம்.

"அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறார் அவர். நாலுபேர் கூடிய அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லுங்கள் என்று பொருள். அவையில் என்பதைக் கவனியுங்கள். மருத்துவரின் அறை அவை இல்லை. அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும் அடுக்களை அவை இல்லை. அடுத்த நூற்பாவையும் பாருங்கள்: "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்." நெடுங்காலம் வழங்கிப் பழகிய சொல்லாக இருந்தால் ஒதுக்க வேண்டாம். ஆப்பி, யாட்டுப்பிழுக்கை என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும்தான். விவசாயி நாள்தோறும் கையால் அள்ளுகிறதை வாயால் சொல்ல என்ன கூச்சம்? இந்த இரண்டாவது நூற்பாவை வகுப்பில் எப்போதும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வேன். முதல் நூற்பா எல்லோருக்கும் நினைவிருக்கும், இரண்டாவது நழுவிவிடும்.

சரி, மாதவிடாய்க்கு வருவோம். நான் இன்று பேச வந்ததே அதைப் பற்றித்தான். தீட்டு என்கிறோம். வீட்டுக்குத் தூரம் என்கிறோம். வீட்டு விலக்கு என்கிறோம். இவற்றில் எதிலாவது உடம்பு இருக்கிறதா? வலி இருக்கிறதா? அந்தப் பெண் எங்கே இருக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறது. கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்பதும் இதன் தொடர்ச்சிதான். தலை முழுக வேண்டிய நாள் அந்த மாதம் வரவில்லை, அவ்வளவே.

ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள் புறநானூற்றிலேயே வருகிறார்கள். ஆனால் தொல்காப்பியர் கற்பியல் என்ற பகுதியில் மாதவிடாயைப் பூப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதையொட்டிய பன்னிரண்டு நாளும் கணவன் மனைவியை நீங்கி இருப்பது அறமாகாது என்கிறார். இலக்கண நூலில் எழுத அவருக்குத் தயக்கம் இல்லை.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த வகுப்பிலிருந்து விடுப்புக் கடிதம் வந்தாலும் "வயிற்று வலி காரணமாக" என்றுதான் இருக்கும். எல்லா ஆசிரியைகளுக்கும் அர்த்தம் தெரியும், மேலே கேட்க மாட்டார்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "வயிற்று வலி டீச்சர்" என்று வந்து நின்றாள். வகுப்பாசிரியை வெந்நீர் கொடுத்து, ஓய்வறையில் படுக்க வைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதையே சொன்னாள். "எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான், பொறுத்துக்கோ" என்று பாட்டி வெந்தயம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கும் மறுத்துப் பேச வார்த்தை இல்லை. "எனக்கு அது இல்லை, இது வேறு வலி" என்று சொல்ல வேண்டுமானால் அந்த "அது" என்ன என்று வாயைத் திறக்க வேண்டுமே! அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாந்தியும் காய்ச்சலும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல்வால் வீங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து பிள்ளையைக் காப்பாற்றினார்கள்.

ஆசிரியையைக் குறை சொல்ல முடியாது, பாட்டியையும் குறை சொல்ல முடியாது. ஒன்றை மறைக்க இன்னொரு சொல்லை எடுத்தோம். எடுத்த சொல்லின் சொந்த அர்த்தம் போய்விட்டது. உண்மையிலேயே வயிறு வலிக்கிற பெண் எந்தச் சொல்லால் சொல்வாள்? அதைத்தான் கேட்கிறேன்.

இவள் பிழைத்தாள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கம் வயதுக்கு வந்த சிறுமி ஒருத்தியை வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னைமரம் குடிசைமேல் விழுந்து அவள் இறந்துபோனாள். வீட்டுக்குத் தூரம் என்ற சொல் அன்றைக்கு அப்படியே நடந்தது. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை என்னால் முடிக்க முடியாது.

மாற்றமும் இருக்கிறது. நம் அரசு மாணவிகளுக்கு இலவசமாக நாப்கின் தருகிறது. அருமையான திட்டம். பெயர் மட்டும் புதுயுகம், கேட்டால் எதற்கான திட்டம் என்று தெரியாது! கோவையில் அருணாசலம் முருகானந்தம் ஓர் ஆண் பிள்ளையாக இருந்துகொண்டு இதைப் பற்றி ஊரறியப் பேசி, மலிவு விலையில் நாப்கின் செய்யும் இயந்திரம் கண்டுபிடித்தார். 2016இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனாலும் கடையில் இன்றைக்கும் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில்தான் போட்டுத் தருகிறார்கள். சுற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று நான் சொல்வேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். குழூஉக்குறியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். குடித்தவன் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவான், அதனால் அந்தப் பெயர். இன்றைக்கு மாமூல், கவனிப்பு, டீச் செலவு என்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே மறைப்பது கூச்சத்தால் இல்லை, குற்றத்தால். கொடுக்கச் சொல்லிக் கேட்டால் "லஞ்சமா?" என்று உரக்கக் கேளுங்கள், அது நாலுபேர் கூடிய அவையாகவே இருந்தாலும்.

வணக்கம்.