ஒன்றரை மணிக்குப் பிறகு ஆசிரியர்கள்

[காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி. பாடசாலை விடும் நேரம்.]

குரல்:
பிற்பகல் ஒன்றரை. மணி அடித்ததும் மாணவர்களை முந்திக்கொண்டு வாசலுக்கு வருபவர்களில் ஆசிரியர்களும் உண்டு. ஒருவர் 101 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று மணிக்கு டியூஷன் வகுப்பு. இன்னொருவர் பிள்ளையைக் கூட்டிவர வேறொரு பாடசாலைக்கு ஓட வேண்டும்.

உள்ளே இருக்கும்போதாவது பேசிக்கொள்கிறார்களா? 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு, நடுவில் ஒரே ஓர் இடைவேளை. அதிலும் கொப்பி திருத்துவார்கள். ஒரு பாடவேளை ஓய்வாகக் கிடைத்தால், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கச் சொல்லி ரிலீஃப் புத்தகம் வந்துவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி, 1975-இல் பாடசாலையை முட்டைப் பெட்டிக்கு ஒப்பிட்டார்: குழிக்கு ஓர் ஆசிரியர், பக்கத்துக் குழியில் நடப்பது தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அட்டனிலிருந்தும் கொழும்புக்கு வந்து, அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு அந்தக் குழி இன்னும் ஆழம்.

[காட்சி: காலிமுகத்திடல், வெள்ளிக்கிழமை மாலை. இறால் வடை வண்டி.]

குரல்:
நான்கைந்து ஆசிரியர்கள் இங்கே கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வடையின் மேல் வெங்காயத்தை அள்ளிப் போட்டு, மிளகாய்ச் சாறு ஊற்றித் தாளில் நீட்டுகிறார் வண்டிக்காரர். முதல் அரைமணி நேரம் சம்பள நிலுவை, இடமாற்றம், புதிய சுற்றறிக்கை. கொஞ்சம் வம்பும் உண்டு, இருக்கட்டும். அதற்குப் பிறகுதான், புதிதாக வந்த ஆசிரியை மெல்லச் சொல்கிறார்:

“சேர், பத்து பீ வகுப்பு எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது.”

மூத்த விஞ்ஞான ஆசிரியர் சிரிக்கிறார். “எனக்கு அடங்குகிறது என்று யார் சொன்னது, மிஸ்? நான் உள்ளே போனதும் கடைசி வாங்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். கரும்பலகையில் எழுத அங்கிருந்துதான் ஒருவனைக் கூப்பிடுவேன்.”

இந்தப் பேச்சு அதிபரின் அறையில் நடக்காது. அங்கே சொன்னால் ‘வகுப்பை நடத்தத் தெரியாதவர்’ என்று பெயர் விழுந்துவிடுமோ என்ற பயம். வடையைக் கையில் வைத்திருப்பவரிடம் அந்தப் பயம் இல்லை. திங்கட்கிழமை அதே ஆசிரியை கதவைத் தட்டி, “சேர், ஒரு நிமிடம்” என்று கேட்கவும் கூச்சப்படமாட்டார்.

ஆனால், கூடிக் களித்தால் மட்டும் கற்பித்தல் மேம்பட்டுவிடுமா? 1982-இல் ஜூடித் வாரன் லிட்டில் என்ற ஆய்வாளர் ஆறு நகரப் பாடசாலைகளைப் பற்றி எழுதினார். நன்றாக இயங்கியவற்றில் ஆசிரியர்கள் தங்கள் கற்பித்தலைப் பற்றியே அடிக்கடி, நுணுக்கமாகப் பேசிக்கொண்டார்கள். பத்து பீ பேச்சுக்கு வராத கூட்டம் வெறும் பொழுதுபோக்குதான். அதுவும் தவறில்லை என்பது என் கட்சி.

[காட்சி: அறிவித்தல் பலகை. ‘அனைவரும் கட்டாயம் சமூகமளிக்கவும்.’]

குரல்:
இந்த ஒன்றுகூடலுக்கு இப்படி அறிவித்தல் ஒட்டினால் காரியம் கெட்டது. மேலிடம் திணிக்கும் தோழமையைக் கல்வியியலாளர் ஆண்டி ஹார்கிரீவ்ஸ் ‘செயற்கையான கூட்டுறவு’ என்றே விமர்சித்தார். அதிபர் வரலாம், வருகைப் பதிவேடு வரக்கூடாது.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. நம் நாட்டு ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். இரவு விருந்து, கூடவே போத்தல் என்று ஆண்கள் ஏற்பாடு செய்தால், அது பாதிப் பாடசாலையைக் கூட எட்டாது. மாலையில் வீட்டில் அடுப்பு காத்திருப்பவர்களுக்குக் காலை நேரமே வசதி. போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் விஹாரமகாதேவி பூங்கா எப்படி? பிள்ளைகளையும் கூட்டிவரலாம். மதுக்கடைகளும் அன்று பூட்டு.

செலவை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி போதும். ஓய்வறையில் எப்படியும் யாராவது சீட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சீட்டுக் குலுக்கலை அன்றைக்குப் பூங்காவிலேயே வைத்துவிட்டால், வராமல் இருக்க ஒருவருக்கும் மனம் வராது.