ஃப்ளோரெஸ் தீவின் நெடுக்கே: ஓட்டுநர் வழிகாட்டியுடன் ஒரு வாரச் சாலைப் பயணம்

[காட்சி: வரைபடம். கோலாலம்பூரிலிருந்து தென்கிழக்கே நகர்ந்து ஜாவா, பாலி, லொம்போக், சும்பாவா ஆகியவற்றைக் கடந்து ஃப்ளோரெஸில் நிற்கிறது.]

வணக்கம். கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பாலிக்குப் போய் வராதவர்கள் இன்று குறைவு. அதே தீவு வரிசையில் இன்னும் கிழக்கே கிடக்கும் ஃப்ளோரெஸுக்குப் போனவர்களோ மிகச் சிலர். அவர்களிலும் பெரும்பாலோர் மேற்கு முனையிலுள்ள லபுவான் பாஜோவில் இறங்கிப் படகேறி, கொமோடோ டிராகன்களைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். கொமோடோவைப் பற்றி இணையத்தில் காணொளிகளுக்குக் குறைவில்லை. லபுவான் பாஜோவிலிருந்து கிழக்கே புறப்பட்டு, மலைகளின் மேலேறித் தீவின் மறுபுறம் இறங்கும் சாலையைப் பற்றியும், அதில் ஓட்டுநர் வழிகாட்டியுடன் ஒரு வாரம் பயணம் செய்வது பற்றியும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

ஃப்ளோரெஸின் நீளம் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். ஆனால் லபுவான் பாஜோவிலிருந்து கிழக்கு முனையிலுள்ள லராந்துக்கா வரை செல்லும் டிரான்ஸ் ஃப்ளோரெஸ் நெடுஞ்சாலை சுமார் 700 கிலோமீட்டர் நீளமுடையது. தீவின் நீளத்தைப்போல் இரு மடங்காகச் சாலை நீண்டிருப்பதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. ஆஸ்திரேலியாவைத் தாங்கும் புவித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து இந்தத் தீவு வரிசையின் அடியில் புதைகிறது; அதனால் ஃப்ளோரெஸ் முழுவதும் எரிமலைகள் எழுந்து நிற்கின்றன. சாலை ஒவ்வொரு மலையையும் வளைந்து ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, அடுத்த மலையில் மீண்டும் ஏறுகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் பழைய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வளைவுகள் நாள் கணக்கில் தொடர்ந்தால் எப்படியிருக்குமோ அதுதான் இந்தச் சாலை. லபுவான் பாஜோவிலிருந்து ருத்தேங் வரை 130 கிலோமீட்டர்தான், ஆனால் நான்கு மணி நேரமாகும். கைப்பேசியில் தூரத்தைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் மூன்று ஊர்களைச் சேர்க்கும் பயணத் திட்டங்கள் இங்கே முதல் நாளே குலைந்துவிடும்.

இதே மலைகள்தாம் தீவின் மக்களையும் நெடுங்காலம் தனித்தனியே வைத்திருந்தன. மேற்கே மங்கராய், நடுவே ஙாடா, அதற்குக் கிழக்கே எண்டே, லியோ, பிறகு சிக்கா, கிழக்குக் கோடியில் லமாஹொலோட் என ஒவ்வொரு பகுதிக்கும் தனி மொழி, தனி வீட்டமைப்பு, தனி நெசவு உண்டு. வளைவுகளால் களைத்துப்போகும் பயணி, அந்த வளைவுகள் இல்லையென்றால் இத்தனை வேறுபாடுகள் இத்தனை அருகருகே நிலைத்திருக்க முடியாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: மலைச்சாலையில் கறுப்பு நிற இன்னோவா; ஓரத்தில் தார்ப்பாயில் காயும் கிராம்பு.]

வாடகை வண்டியை நாமே ஓட்டலாமா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. இந்தோனீசியாவிலும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கத்தில்தான் வண்டிகள் செல்கின்றன என்பதால் அந்த ஆசை இயல்பானது. ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வளைவுக்கு அப்பால் லாரி நிற்கலாம், நாய் படுத்திருக்கலாம், மழைக்குப் பின் மண் சரிந்திருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், இந்தச் சாலையில் ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பதுதான். எந்தக் கிராமத்தில் இன்று சடங்கு நடக்கிறது, எந்த வீட்டில் காப்பி வறுக்கிறார்கள், எந்த முதியவரிடம் அனுமதி கேட்ட பிறகே படமெடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வரைபடம் இவற்றைச் சொல்லாது. நாம் பள்ளியில் படித்த மலாய் மொழி இங்கே பெரும் துணை. கிழக்கு ஃப்ளோரெஸிலிருந்து சபாவின் செம்பனைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். ஆகவே மலேசியாவிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் தாவாவிலுள்ள சித்தப்பாவைப் பற்றிய பேச்சு தொடங்கினால் வியப்படைய வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் உடைய நமக்கு அந்தப் பேச்சைத் தொடர்வது கடினமல்ல.

ஓட்டுநரை அமர்த்தும்போது சில விவரங்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். எரிபொருளும் அவருடைய சாப்பாடும் தங்குமிடமும் வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். ஒருவழிப் பயணமாகத் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள மௌமெரேயில் இறங்கிக்கொண்டால், அவர் வெறும் வண்டியுடன் லபுவான் பாஜோ திரும்பும் நாள்களுக்கான கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கட்டணத்தைக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து; அதை மிச்சப்படுத்துவதற்காக வந்த சாலையிலேயே திரும்பிப் போவது வீண் அலைச்சல்.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளோரெஸில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை வலுக்கும், மண்சரிவுகளும் அப்போதுதான் மிகுதி. அதாவது நம் ஆண்டிறுதி விடுமுறை அங்கே மழையின் உச்சத்தை ஒட்டி வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஆண்டின் நடுவே வரும் விடுமுறையைத் தேர்ந்தெடுக்கலாம். மலைகளில் பச்சை இன்னும் மிச்சமிருக்கும், சாலையும் உலர்ந்திருக்கும்.

[காட்சி: குன்றின் மேலிருந்து சிலந்தி வலை வடிவிலான வயல்கள்.]

முதல் நாள் லெம்போர் சமவெளியின் நெல்வயல்களைக் கடந்து ருத்தேங்கை நோக்கி ஏறும்போது, ஊருக்குச் சற்று முன்னால் சன்சார் என்னும் இடம் வருகிறது. அங்கே ஒரு சிறு குன்றின் மேலேறிப் பார்த்தால் கீழே வயல்கள் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாக விரிந்திருக்கும். செக்கிஞ்சானின் நேர்கோட்டு வரப்புகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிராகத் தோன்றலாம். மங்கராய் மக்கள் இவ்வகை நிலத்தை லிங்கோ என்கிறார்கள். வட்டத்தின் நடுப்புள்ளியில் சடங்கு செய்து, அங்கிருந்து வெளிநோக்கிக் கோடுகள் இழுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆப்பு வடிவத் துண்டை ஒதுக்குவது மரபு. துண்டின் அகலம் நடுப்புள்ளியில் விரலால் அளக்கப்பட்டது. மையத்தில் ஒரு விரல் கூடினால் விளிம்பில் பல அடி கூடும். குலத்தில் யாருக்கு எவ்வளவு மதிப்பு, எந்தக் குடும்பம் பெரியது என்பதையெல்லாம் அந்த விரல் கணக்கு தீர்மானித்தது. குன்றின்மேல் பத்து நிமிடம் நின்று படமெடுத்துவிட்டு இறங்கிவிடாமல், இந்தப் பங்கீட்டை ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய குடும்பத்துக்கே அப்படி ஒரு துண்டு இருக்கக்கூடும்.

ருத்தேங் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே இருப்பதால் இரவில் குளிரும். அதற்கு வடக்கே லியாங் புவா குகை உள்ளது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாகக்கூடப் பயன்பட்ட அந்தச் சுண்ணாம்புக் குகையில், 2003ஆம் ஆண்டு இந்தோனீசிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு மீட்டர் உயரமே கொண்ட பெண்ணின் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தனர். அடுத்த ஆண்டு அந்தக் குள்ள மனித இனத்துக்கு ஹோமோ ஃப்ளோரெசியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் அந்த எலும்புகள் 18,000 ஆண்டுகள் பழையவை என்று கருதப்பட்டன. 2016இல் வெளிவந்த மறு ஆய்வு அவற்றின் வயதை 60,000 முதல் 1,00,000 ஆண்டுகள் வரை பின்னுக்குத் தள்ளியது. பனியுகத்தில் கடல் இறங்கியபோதும் ஃப்ளோரெஸ் ஆசியாவுடன் நிலத்தால் இணையவில்லை. ஆகவே இங்கே வந்து சேர்ந்த உயிரினங்கள் தம் போக்கில் மாறின: யானையின் உறவான ஸ்டெகோடான் உருவத்தில் சிறுத்தது, எலிகளில் ஓரினம் பெருத்தது. குகைக்குள் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வரலாற்றில் ஆர்வமில்லாதவர்கள் அரை நாளை மிச்சப்படுத்தலாம்.

கூம்பு வடிவ வீடுகளைக் கொண்ட வாய் ரெபோ கிராமத்தையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அந்த வீடுகளை மீட்டெடுத்த பணிக்கு 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஆனால் மலைக்காட்டில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து ஏற வேண்டும், கூடுதலாக ஓர் இரவாவது வேண்டும். முதியவர்களுடன் போகிறவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம்.

[காட்சி: தென்கடற்கரை, பனைமரங்கள், மூங்கில் குழாய்கள்.]

ருத்தேங்கிலிருந்து பஜாவாவுக்குப் போகும் வழியில் சாலை தென்கடற்கரையைத் தொடும் இடம் ஐமெரே. அங்கே நிற்பவை நம் முன்னோர் நன்கறிந்த பனைமரங்கள். பாளையிலிருந்து இறக்கிய கள்ளைப் பானையில் காய்ச்சி, எழும் ஆவியை நீண்ட மூங்கில் குழாய்களின் வழியே செலுத்திக் குளிரவைத்துச் சாராயமாக வடிக்கிறார்கள். குழாயின் நுனியில் அது ஒவ்வொரு துளியாகச் சொட்டுவதை அருகிலிருந்தே பார்க்கலாம். சுவைத்துப் பார்ப்பது அவரவர் விருப்பம். ஓட்டுநருக்கு மட்டும் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

பஜாவாவில் இரண்டு இரவுகள் தங்குவது நல்லது. காப்பிக்குப் பெயர்பெற்ற இந்த மலையூருக்குத் தெற்கே, 2,245 மீட்டர் உயரமுள்ள இனெரி எரிமலையின் அடிவாரத்தில் பெனா கிராமம் உள்ளது. கூரை வேய்ந்த வீடுகள் இரு வரிசையாக எதிரெதிரே நிற்க, நடு முற்றத்தில் பெருங்கற்களும், குடை போன்ற கூரையுடைய தூண்களும், பொம்மை வீடு அளவிலான சிறு குடில்களும் காணப்படுகின்றன. தூணுக்கு ஙாது, குடிலுக்கு பாகா என்று பெயர். ஒவ்வொரு குலத்துக்கும் மூதாதைத் தந்தையின் நினைவாக ஒன்று, மூதாதைத் தாயின் நினைவாக ஒன்று. இங்கே குலமும் வீடும் தாய் வழியே தொடர்கின்றன. வீட்டு முகப்பில் அடுக்கிக் கட்டியிருக்கும் எருமைக் கொம்புகள் அந்த வீட்டார் நடத்திய சடங்குகளின் கணக்கேடு. மக்கள் கத்தோலிக்கர்கள், ஞாயிறன்று தேவாலயத்துக்கும் செல்கிறார்கள், மூதாதையருக்கும் பலியிடுகிறார்கள். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர்கள் கருதவில்லை.

கிழக்கே எண்டே துறைமுக நகரம். பின்னாளில் இந்தோனீசியாவின் முதல் அதிபரான சுகார்னோவை டச்சு அரசு 1934 முதல் 1938 வரை இங்கேதான் நாடு கடத்தி வைத்திருந்தது. அவர் தங்கிய வீடு அருங்காட்சியகமாகியுள்ளது. பிற்காலத்தில் இந்தோனீசிய அரசின் அடிப்படைக் கொள்கையான பஞ்சசீலமாக உருப்பெற்ற கருத்துகளை அவர் ஈரப்பலா மரத்தடியில் அமர்ந்து சிந்தித்ததாகச் சொல்கிறார்கள்; இன்று அங்கே நிற்பது பின்னர் நடப்பட்ட மரம். ஒரு மணி நேரம் போதும்.

[காட்சி: விடியற்காலை, கெலிமுத்து மலையுச்சி. இருள் விலகி ஏரிகளின் நிறம் தெரிகிறது.]

கெலிமுத்து அப்படியல்ல, அதற்காகவே மோனி கிராமத்தில் இரவு தங்க வேண்டும். அதிகாலை நான்கு மணியளவில் புறப்பட்டு வண்டி நிறுத்துமிடம் வரை சென்று, அங்கிருந்து அரை மணி நேரம் நடந்து, கடைசியில் படிகளேறி 1,639 மீட்டர் உயர மலையின் உச்சிக்குச் சேரலாம். காற்று பலமாக வீசும். போர்வையைச் சுற்றிக்கொண்டு இஞ்சித் தேநீரும் காப்பியும் விற்கும் உள்ளூர்க்காரர்கள் நமக்கு முன்னரே அங்கே இருப்பார்கள். வெளிச்சம் பரவியதும் மூன்று எரிமலை ஏரிகள் தெரிகின்றன. அவற்றில் இரண்டுக்கு நடுவே ஒரு மெல்லிய பாறைச்சுவர்தான் இருக்கிறது. இருந்தும் ஒன்று பச்சை கலந்த நீலமாகவும் மற்றொன்று கரும்பழுப்பாகவும் இருக்கக்கூடும், சில மாதங்களில் அந்த நிறங்களும் மாறிவிடலாம். ஏரியின் அடியிலிருந்து எரிமலை வாயுக்கள் நீரில் கலக்கின்றன. அவற்றின் வரத்து கூடிக் குறையும்போது நீரின் வேதித்தன்மையும், அதில் கரைந்துள்ள இரும்பு போன்ற தாதுக்களின் ஆக்சிஜனேற்ற நிலையும் மாறுகின்றன. நிறமும் அதற்கேற்ப மாறுகிறது. ஒவ்வோர் ஏரிக்கும் அடியிலுள்ள வாயு வழி தனித்தனி என்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. லியோ மக்களுக்கு இவை இறந்தோர் சென்று சேரும் இடங்கள்: முதியோரின் ஆவிகளுக்கு ஒன்று, இளைஞர்களுக்கும் கன்னியருக்கும் ஒன்று, தீவினை செய்தோருக்கு ஒன்று. ஆண்டுதோறும் ஆகஸ்டில் மூதாதையருக்கு உணவு படைக்கும் சடங்கு மலைமேல் நடக்கிறது. படையல் போட்டுப் பழகிய நமக்கு அதை விளக்கிச் சொல்ல யாரும் தேவையில்லை. தடுப்புக் கம்பியைத் தாண்டிப் படமெடுக்க மட்டும் யாரும் முயல வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோறு, தெம்பே, தாஹு, கங்கோங் கீரை எங்கும் கிடைக்கும் என்பதால் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பாலில் பெலாச்சான் கலந்திருக்கும், கேட்டுத்தான் தவிர்க்க வேண்டும். பாடாங் உணவகங்களில் மாட்டிறைச்சியும், கிராம விருந்துகளில் பன்றியிறைச்சியும் வழக்கமானவை. எதை உண்ண மாட்டோம் என்பதை முதல் நாளே ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால், அவர் கடைகளை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார். லபுவான் பாஜோ போன்ற ஊர்களில் நம் கைப்பேசியின் கியூஆர் வசதியிலேயே பணம் செலுத்த முடியும். மலேசிய, இந்தோனீசிய முறைகள் 2023 முதல் இணைக்கப்பட்டுள்ளன. கிராமங்களில் ரொக்கம்தான். மஸ்ஜித் இந்தியாவில் பணம் மாற்றும்போதே 20,000, 50,000 ரூப்பியா நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் மலேரியாவும் வெறிநாய்க்கடி நோயும் உண்டு. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தெருநாய்களை பிள்ளைகள் தொட விடாதீர்கள். வாந்தி வராமலிருக்க மாத்திரையும் கையோடு இருக்கட்டும்.

[காட்சி: மௌமெரே அருகே நெசவுக் கூடம்.]

மோனியிலிருந்து மூன்று மணி நேரத்தில் மௌமெரே வந்துவிடும். 1992 டிசம்பர் 12 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கடற்கரை இது. இதைச் சுற்றியுள்ள சிக்கா ஊர்களில் பெண்கள் நூலைச் சாயமிடுவதற்கு முன் ஓலைக் கீற்றால் இறுக முடிச்சிடுகிறார்கள். முடிச்சுள்ள இடத்தில் சாயம் ஏறாது, அதுவே பின்னர் துணியில் வடிவமாகிறது. நீலம் அவுரியிலிருந்தும், சிவப்பு நுணா இனத்தைச் சேர்ந்த மெங்குடு வேரிலிருந்தும் வருகின்றன. இயற்கைச் சாயமிட்ட ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் விலை கூடுதலாகவே இருக்கும். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆலைநூலில் செயற்கைச் சாயம் ஏற்றியவை.

லராந்துக்காவரை போகலாமா என்பதைப் புறப்படுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில் முடிவு செய்யுங்கள். மௌமெரேக்குக் கிழக்கே, அந்தச் சாலைக்கு அருகில் உள்ள லெவோதோபி லாக்கி லாக்கி எரிமலை 2024 நவம்பரில் வெடித்து உயிர்களைப் பறித்தது. அதன் சாம்பலால் பாலி வரை விமானங்கள் ரத்தாயின. இந்தோனீசிய எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஐயமிருந்தால் மௌமெரேயிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பாலி வழியாகத் திரும்பும்போது இரண்டு விமானங்களுக்கும் நடுவே பாலியில் ஓர் இரவு இருக்கட்டும். சீட்டுகளைத் தனித்தனியே வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.