டிரெய்லர் ஆட்டம்: பாரம், வேகம், அதற்குப் பிறகே ஹிட்ச்

[காட்சி: டிரெட்மில்லின் மேல் ஒரு பொம்மை ஜீப். அதன் பின்னால் மரத்தில் செய்த சிறு டிரெய்லர். பட்டை மெதுவாக ஓடுகிறது.]

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையின் மூலையிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு இந்த டிரெட்மில்தான் நம் நெடுஞ்சாலை. டிரெய்லருக்குள் இருக்கும் ஒரே சுமை ஒரு பேட்டரி. இப்போது அது சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. வேகத்தைக் கூட்டுகிறேன். டிரெய்லரின் பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டு தட்டுகிறேன். ஆடியது, உடனே அடங்கிவிட்டது.

இப்போது அதே பேட்டரியை அச்சுக்குப் பின்னால் நகர்த்துகிறேன். வேறு எதையும் தொடவில்லை. அதே வேகம், அதே தட்டு. பாருங்கள், அடங்கவில்லை. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிட அகலமாகிறது. ஜீப்பின் வாலையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்துவிட்டது.

பேட்டரி பின்னாலேயே இருக்கட்டும். வேகத்தை மட்டும் பாதியாகக் குறைக்கிறேன். தட்டுகிறேன். ஆடுகிறது, ஆனால் அடங்கிவிடுகிறது.

கேரவன், அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர், இழுக்க விரும்பும் பலர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "ஆடாமல் இருக்க எந்த ஹிட்ச் வாங்கலாம்?" என்பதுதான். ஹிட்ச் என்றால் டிரெய்லரைக் காரோடு இணைக்கும் அமைப்பு. இந்தப் பொம்மையில் ஆட்டத்தைத் தடுக்கும் கருவி எதுவும் இல்லை. ஆட்டத்தை வரவழைத்ததும் பாரம், அனுப்பிவைத்ததும் வேகம். ஹிட்ச் தேவையில்லை என்று சொல்லவில்லை. அதன் முறை மூன்றாவதாக வருகிறது என்கிறேன்.

[காட்சி: மேலிருந்து பார்க்கும் கோட்டுப்படம். கார், பந்து, டிரெய்லர்.]

காரின் பின்சக்கர அச்சையும், டிரெய்லரை மாட்டும் இணைப்புப் பந்தையும் கவனியுங்கள். பந்து அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்தள்ளி இருக்கிறது. முந்திச் செல்லும் ஆம்னி பஸ் ஒன்று காற்றால் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பும்போது பந்தையும் தள்ளுகிறது. இடையிலுள்ள அந்த ஒரு மீட்டர் நெம்புகோலாகிக் காரின் முகத்தையே திருப்பிவிடுகிறது. கார் திரும்பியதும் டிரெய்லர் மறுபக்கம் வீசுகிறது. ஒரு முழு வீச்சுக்கு ஓரிரு விநாடிதான் ஆகும். பதறிப்போய் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் வீச்சு திசை மாறியிருக்கும். அவருடைய திருப்பலே அடுத்த வீச்சுக்கு வலு சேர்த்துவிடும்.

ஒவ்வொரு வீச்சிலும் டயர்கள் சாலையில் உரசிக் கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. அதனால்தான் ஆட்டம் அடங்குகிறது. வேகம் கூடக் கூட இந்த அடக்கும் வலிமை குறைந்துகொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூஜ்யமாகிவிடும். அதைத் தாண்டினால் ஆட்டம் வளரத்தான் செய்யும். அந்த எல்லை வேகம் எவ்வளவு என்பதைப் பாரம் வைத்திருக்கும் விதம், டயர் காற்று, டிரெய்லரின் நீளம், ஹிட்ச் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இறக்கத்தில் டிரெய்லர் காரை முன்னால் தள்ளுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். பெங்களூருவிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு, விபத்துகளுக்குப் பேர்போன இறக்கமான தொப்பூர் கணவாய் என்ற பெயரே போதும். நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: டிரெய்லரின் முன்முனை, பந்தின் மேல் உட்காரும் இடம். நெருக்கமாக.]

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லரிலும் பந்தை அழுத்தும் எடையை முன்பாரம் என்றே சொல்வோம். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் உலகில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. இரண்டையும் கலப்பதில்தான் இங்கே நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லரின், அதாவது கேரவனின், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில், குறிப்பாக பிரிட்டனில், 5 முதல் 7 சதவீதம். 1,500 கிலோ டிரெய்லருக்கு அமெரிக்கக் கணக்கு 150 முதல் 225 கிலோ. ஐரோப்பியக் கணக்கு 75 முதல் 105 கிலோ. இரண்டும் அதனதன் ஊரில் சரி. அமெரிக்காவில் இழுப்பவை பெரும்பாலும் தனி அடிச்சட்டம் கொண்ட பிக்அப் வண்டிகள். ஐரோப்பாவில் சாதாரணக் கார்கள். பந்து தாங்கும் எடையே பல கார்களில் 75, 100 கிலோதான். ஆகவே கனமான பொருள்களை அச்சுக்கு மேலேயே குவித்து, வேகத்தையும் சட்டத்தால் கட்டிவைத்தார்கள். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான். தனி அனுமதி பெற்றால் நெடுஞ்சாலையில் 100. பிரிட்டனில் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல்.

அமெரிக்க வீடியோவைப் பார்த்து 15 சதவீதம் ஏற்றி, 75 கிலோ என்று முத்திரை குத்திய ஐரோப்பியப் பந்தில் மாட்டினால் பாரம் பந்தின் எல்லையைத் தாண்டிவிடும். ஐரோப்பிய விகிதத்தில் ஏற்றிக்கொண்டு அமெரிக்க வேகத்தில் பறந்தால் அந்த டிரெட்மில் காட்சிதான் நடக்கும்.

[காட்சி: இணைப்புப் பந்தின் தகடு. டி, எஸ் என்ற எழுத்துகளுக்கு எதிரே எண்கள்.]

ஐரோப்பிய வகை இணைப்புகளில் இந்தத் தகடு இருக்கும். எஸ் என்பது தாங்கக்கூடிய முன்பாரம், கிலோவில். டி என்பது இழுவிசை, கிலோநியூட்டனில். காரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2.5 டன், டிரெய்லர் 1.5 டன் என்றால் இரண்டையும் பெருக்குங்கள்: 3.75. இரண்டையும் கூட்டிய 4ஆல் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் சுமார் 9.2 வரும். தகட்டில் உள்ள டி அதற்குக் குறையக் கூடாது. லேத்தில் கடைந்து, குரோம் பூசி, எந்த எண்ணும் இல்லாமல் விற்கும் பந்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு குடும்பத்தின் உயிர் அதில் தொங்குகிறது.

[காட்சி: தரையில் செங்கல், மூன்றடிப் பலகை, உடல் எடை பார்க்கும் கருவி.]

முன்பாரத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். இங்கே நிற்கும் நிஜ டிரெய்லரின் மொத்த எடையை ஓசூர் சாலையில் ஓர் எடைமேடையில் பார்த்துவிட்டோம்: 1,480 கிலோ. முன்பாரத்துக்கு லாரி எடைமேடை நுணுக்கம் போதாது. உடல் எடைக் கருவியோ அவ்வளவு பாரத்தை நேராகத் தாங்காது. அதனால் பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை கருவி மேல். இரண்டுக்கும் நடுவே மூன்றடி. டிரெய்லரின் மூக்கைச் செங்கல் பக்கத்திலிருந்து ஓரடியில் இறக்குகிறோம். கருவி மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.

கருவியைப் பார்க்கும் உதவியாளர் தம்பி: "அக்கா, பலகை மட்டும் 4 காட்டியது. இப்போது 58."

58இல் 4 போனால் 54. மூன்றால் பெருக்கினால் 162 கிலோ. ஏறத்தாழ 11 சதவீதம், அமெரிக்கக் கணக்குக்குள் வருகிறது.

"தண்ணீர்த் தொட்டியை நிரப்பட்டுமா அக்கா?"

நிரப்பு, தம்பி. இந்த டிரெய்லரில் 100 லிட்டர் தொட்டி அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. பந்து அச்சுக்கு நான்கு மீட்டர் முன்னால். இப்போது கருவி 50 காட்டுகிறது. அதாவது 138 கிலோ. மொத்த எடை 1,580 ஆகிவிட்டது. விகிதம் 8.7 சதவீதத்துக்கு, அந்தக் கணக்கின் 10க்கும் கீழே, இறங்கிவிட்டது. எதையும் இறக்கவில்லை, நகர்த்தவில்லை. தண்ணீர் பிடித்தோம், அவ்வளவுதான். பின்புறத் தாங்கியில் இரண்டு சைக்கிள்களை மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பின்னால் சைக்கிள், அதை ஈடுகட்ட முன்னால் ஜெனரேட்டர் என்று இரு முனைகளிலும் எடை வைப்பதும் தவறு. முன்பாரம் அளவில் சரியாகவே இருக்கும். ஆனால் ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். கனமானவை தாழ்வாகவும் அச்சுக்கு அருகிலும் இருக்கட்டும்.

[காட்சி: நான்கு வகை ஹிட்ச்சுகளின் படங்கள் வரிசையாக.]

இனி ஹிட்ச்.

மலிவானது உராய்வுத் தண்டு. காருக்கும் டிரெய்லருக்கும் இடையே பக்கவாட்டில் மாட்டும் ஒரு நீள் தண்டு. உள்ளே பிரேக் பட்டை போன்ற ஒன்று அதை இறுக்கிப் பிடிக்கும். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்னால் இதைக் கழற்றியாக வேண்டும். ஜெயநகர் சந்துகளில் அது நடக்கிற காரியமா? மழையில் ஈரமானால் பிடிப்பும் குறையும். எனக்கு இதில் விருப்பமில்லை.

அடுத்தது எடைப் பகிர்வு ஹிட்ச். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 225 கிலோ முன்பாரம், அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் பந்து, சக்கர இடைவெளி 2.75 மீட்டர் என்றால், காரின் முன்சக்கரங்களில் இருந்து சுமார் 98 கிலோ எடை குறைந்துவிடுகிறது. பின்சக்கரங்களில் 323 கிலோ கூடுகிறது. திருப்ப வேண்டிய சக்கரங்கள் இலேசாகிவிட்டன. எடைப் பகிர்வு ஹிட்ச்சில் உள்ள இரண்டு வில் கம்பிகள் இறுக்கத்தால் நெம்பி, அந்த எடையில் ஒரு பகுதியைக் காரின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்புகின்றன. வெறும் சங்கிலியில் தொங்கும் வகை எடையைத்தான் பகிரும், ஆட்டத்தை அவ்வளவாக அடக்காது. ஈக்வலைசர் என்ற பிராண்டு போன்றவற்றில் கம்பிகள் கெட்டியான தாங்கிகளின் மேல் உரசி உட்காருவதால் இரண்டு வேலையும் நடக்கிறது. ரிவர்ஸிலும் கழற்ற வேண்டாம். திரும்பும்போது கிறீச்சிடும், அது பழுதல்ல. கம்பியின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது காரின் பின் அச்சுக்குப் பின்னால், டிக்கியில், வைக்கும் சாமான்களையும் முன்பாரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதற்காகத் தேவைக்கு மீறிய தடித்த கம்பியும் வேண்டாம். அது வளையாமல் அடிச்சட்டத்தை வருத்தும்.

மூன்றாவது, ஜிம் ஹென்ஸ்லி வடிவமைத்த வகை: ஹென்ஸ்லி ஏரோ, ப்ரோப்ரைடு 3பி. இவை உராய்வை நம்புவதில்லை. உள்ளே உள்ள இணைப்புச் சட்டங்கள், டிரெய்லர் காரின் பின் அச்சுக்கு அருகிலிருந்தே திரும்புவதுபோல் செய்துவிடுகின்றன. முதலில் சொன்ன நெம்புகோல் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. விலை மற்ற வகைகளைப்போல் சில மடங்கு, எடையும் மிக அதிகம். அமெரிக்காவில் 30 அடி டிரெய்லரோடு ஊர் ஊராகச் சுற்றும் நம் உறவினர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

[காட்சி: ஸ்டெபிலைசர் கப்ளர். மேலே உள்ள கைப்பிடியை அழுத்தும் கை. நெருக்கமாக.]

நான்காவது, ஐரோப்பிய ஸ்டெபிலைசர் கப்ளர், அதாவது டிரெய்லரின் மூக்கில் இருந்து பந்தைக் கவ்வி ஆட்டத்தை அடக்கும் இணைப்பு. அல்-கோ ஏகேஎஸ் 3004, வின்டர்ஹாஃப் டபிள்யூஎஸ் 3000 இந்த வகை. டிரெய்லரை மாட்டிய பிறகு இந்தக் கைப்பிடியை அழுத்தினால் உள்ளிருக்கும் பட்டைகள் 50 மில்லிமீட்டர் பந்தை நேராகக் கவ்விக்கொள்ளும். இந்தப் பந்தைத் தொட்டுப் பாருங்கள்: கிரீஸ் இல்லை, பெயிண்ட் இல்லை, வெறும் இரும்பு. இங்கே மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் தடவிவிடுவார்கள். அதோடு பட்டைகளின் வேலை முடிந்தது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அமெரிக்க இரண்டு அங்குலப் பந்து 50.8 மில்லிமீட்டர், அதில் இதை மாட்டக் கூடாது.

பெங்களூருவில் 1,500 கிலோவுக்குக் கீழே, 50 மில்லிமீட்டர் பந்தோடு கேரவன் கட்டிக்கொள்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த நான்காவது வகையும் டிரெய்லருக்கென்று தனி பிரேக்கும். எடைப் பகிர்வு ஹிட்ச்சை உங்கள் காரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே யோசியுங்கள். பல கார்களின் அடிச்சட்டம் அந்த நெம்புதலுக்காகச் செய்யப்பட்டதல்ல. மின்னணு முறைகள், அதாவது ஆட்டத்தை உணர்ந்து தானே பிரேக் பிடிப்பவை, நல்ல துணை. ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அவை விழித்துக்கொள்ளும்.

[காட்சி: ஓட்டுநர் இருக்கையிலிருந்து. கைகள் ஸ்டியரிங்கில்.]

எல்லாம் சரியாக இருந்தும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்றில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். அடங்கிய பிறகு ஓரமாக நிறுத்தி, டயர் காற்று, தொட்டியின் தண்ணீர், உள்ளே சரிந்த சாமான்கள், கப்ளரின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரணம் பிடிபடும்வரை 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.