தகரத்துக்கும் வேர்க்கும்

வணக்கம் நேயர்களே. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளேயே படுத்துறங்கும் சின்ன ட்ரெய்லரை நாமே கட்டுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெளித்தகடு, ஒழுகாமல் அடைப்பது, சூடும் குளிரும் அண்டாமல் காப்பது, இந்த மூன்றும்தான் விஷயம்.

நம்ம ஊரில் இது கொஞ்சம் கூடுதல் கஷ்டம். சித்திரை மதியம் சேலத்தில் வெயிலில் நிற்கும் தகட்டின்மேல் கை வைக்க முடியாது. அதே வண்டியை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டில் நிறுத்தினால் விடியக்காலையில் போர்வை தேடுவோம். எட்டடி நீள அலுமினியத் தகடு 45 டிகிரி சூடு ஏறினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அடியிலிருக்கும் இரும்புச் சட்டம் அதில் பாதிதான் நீளும். இந்த இழுபறியை ஜாயிண்டில் வைக்கிற பசைதான் தாங்க வேண்டும்.

என் முதல் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்கொயர் பைப்பில் சட்டம், வெளியே அலுமினியம், பைப்புகளுக்கு நடுவே தெர்மாகோல். உள்பக்கம் பைப் மட்டும் வெறுமனே தெரியும். ஐப்பசியில் ஏற்காட்டில் தங்கினோம். ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூரை ஒழுகுகிறது என்று ஊருக்கு வந்ததும் மூன்று டியூப் சிலிக்கான் பசை பூசினேன். மறுபடி போனோம், மறுபடி சொட்டியது. இத்தனைக்கும் அன்றைக்கு மழையே இல்லை.

சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். வண்டியைத் தொடக்கூட இல்லை. "தம்பி, சொட்டு ஜாயிண்டுல நிக்குதுங்களா, பைப் போற வழியில நிக்குதுங்களா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பைப் போகிற வழியெல்லாம் வரிசையாக நின்றது. "அப்ப அது மழத்தண்ணி இல்லீங்க, உங்க மூச்சு" என்றார்.

ஐஸ் தண்ணீர் சொம்பு வெளியே முத்து முத்தாக வேர்க்குமே, அதே கதைதான். தூங்குகிற ஓர் ஆளிடமிருந்து ஒரு ராத்திரியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. இரும்பு, தெர்மாகோலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். வெளிக்குளிர் பைப் வழியே உள்ளே வந்துவிடுகிறது, ஈரம் அதில்தான் படிகிறது. அதனால் பைப்புக்கு நடுவே அடைத்தால் போதாது, பைப்பையும் மூடி ஒரே பரப்பாகத் தெர்மாகோல் போட வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று காற்றுத் துளையும் விட வேண்டும். குளிருகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள்.

நான் பூசிய சிலிக்கான் இன்னொரு வினையும் செய்தது. வினிகர் வாடை அடிக்கும் ரகம் அது, வெறும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. முழுக்கச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஜாயிண்டுக்கு பி.யூ. சீலண்ட், அதாவது பாலியூரித்தேன் பசை, வாங்குங்கள், அது இழுத்தால் நீளும். எந்தப் பசையாக இருந்தாலும் முதலில் தகட்டை ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடியுங்கள். கூரையில் முன் தகடு பின் தகட்டின்மேல் ஏறி இருக்கட்டும், ஓடும்போது காற்று மழையை உள்ளே தள்ளாது. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் நடுவே டேப் ஒட்டுங்கள். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

ஆனால் டியூபைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: ஜாயிண்டிலா, பைப்பிலா?

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வெப்பக் காப்புக்கு கிளாஸ்வூல் என்கிற கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தெர்மாகோல் ஒட்ட ரப்பர் சொல்யூஷன் வேண்டாம், கரைத்துவிடும். ஒயரைத் தெர்மாகோல் மேல் படும்படி விடாதீர்கள், ஒயர் உறை நாளடைவில் கெட்டியாகி விரிசல் விடும். குழாய்க்குள் விட்டு இழுங்கள். நன்றி, வணக்கம்.